கன்னத்தில் ஒரு சாந்துப் பொட்டு

அடுத்தவர் முகத்தைத் துடைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஸ்டுடியோவின் பின்னறையில் உட்கார்ந்து, ஊராரின் பருவையும் தழும்பையும் கண்ணுக்குக் கீழே விழுந்த கருவளையத்தையும் கம்ப்யூட்டரில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த அறையில் ஏசி உண்டு. எனக்காகப் போட்டது என்று நினைத்துவிட வேண்டாம், கம்ப்யூட்டருக்காகப் போட்டது. கல்யாண வீட்டார் வந்தால் பார்த்து நல்லாப் பண்ணிக் கொடுக்கச் சொல்வார்கள். நல்லா என்றால் சிவப்பாக என்று பொருள். ஒரு தடவை ஒரு மாப்பிள்ளையின் அம்மா, மருமகளைச் சிவப்பாக்கச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் தன்னையும் கொஞ்சம் சிவப்பாக்கிவிடச் சொன்னார். ஆக்கிக் கொடுத்தேன். அவர் வீட்டுக்காரர் மட்டும் ஆல்பம் முழுக்கப் பழைய நிறத்திலேயே நிற்கிறார். பாவம், அவர் எதையும் கேட்கவில்லை.

முன்பு எல்லாம் கையால்தான். ஒவ்வொரு பருவாகப் பிரஷ்ஷை வைத்து, பக்கத்துத் தோலை எடுத்து ஒட்டி, தோலின் நிறத்தை ஒரு லேயரிலும் அதன் சொரசொரப்பை இன்னொரு லேயரிலும் பிரித்து வைத்துக்கொண்டு செய்வேன். தோலை வழுவழுவென்று ஆக்க யாராலும் முடியும். அப்படி ஆக்கினால் ஆள் மெழுகு பொம்மையாகிவிடுவார். பரு போக வேண்டும், மயிர்க்கால் நிற்க வேண்டும், வேலை அதில்தான் இருக்கிறது. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. பிறகு முதலாளி ஒரு புது சாஃப்ட்வேரை வாங்கிப் போட்டார். ஃபோல்டரைக் காட்டிவிட்டால் போதும், அதுவே முகத்தைக் கண்டுபிடிக்கும், ஆண், பெண், பிள்ளை என்று பிரிக்கும், எதை எடுக்க வேண்டுமோ எடுத்துவிடும். நான் ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள் ஒரு கல்யாண வீடே பளிச்சென்று ஆகிவிடும். எனக்குச் சுமை குறையும் என்று முதலாளி சொன்னார். குறைந்ததென்னவோ உண்மை. ஆனாலும் எனக்கு அதன்மேல் ஓர் எரிச்சல் இருந்துகொண்டே இருந்தது. ஒரு மணப்பெண்ணின் ஒற்றைக்கல் மூக்குத்தியைப் பரு என்று நினைத்து அது எடுத்துவிட்ட அன்று, எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

வீடு இராஜபாளையத்தில். காலையில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர், சாயங்காலம் பஸ் ஏறி வீடு. என் கணவருக்குப் பேண்டேஜ் துணி தயாரிக்கிற இடத்தில் வேலை. அவர் தம்பி ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு பார்க்கிறார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் புருவத்தில் பஞ்சோடுதான் வீட்டுக்குள் நுழைவார்கள். மாமனார், மாமியார் காலம் முடிந்துவிட்டது; நாங்கள் நாலு பேரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. கொழுந்தன் மனைவி, எனக்கு ஓரகத்தி, என்னைவிட மிகவும் சின்னவள். ஓரகத்திகள் சேர்ந்து சிரித்தால் பக்கத்து வீட்டுக்குப் பொறுக்காது. நாங்கள் சிரிக்கத்தான் செய்தோம்.

எனக்குப் பிள்ளை இல்லை. இதை இப்படி ஒரே வரியில் சொல்லிவிடுவதுதான் என் வழக்கம். கேட்கிறவர் அடுத்த கேள்விக்கு வாயைத் திறப்பதற்குள் பேச்சை மாற்றிவிடலாம். மதுரை ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தோம். ஊசி, மாத்திரை, விரதம், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளுக்குப் படியேற்றம், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸுக்காகக் காத்திருந்த ஒரு காலையில் என் கணவர், "போதும் பிள்ள. நீ இருக்க, நான் இருக்கேன்" என்றார். திரும்பி வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டோம். அதன்பிறகு போகவில்லை.

ஊரில் யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்வதில்லை. அவ்வளவு நல்லவர்கள். வளைகாப்பு வீட்டில் வளையல் தட்டு ஒவ்வொருவராகக் கைமாறி வரும். என் பக்கத்தில் வருகிற நேரம் பார்த்து யாருக்காவது தாகம் எடுக்கும், செத்த தண்ணி கொண்டு வாம்மா என்பார்கள். செம்போடு நான் திரும்பி வருவதற்குள் தட்டு என் இடத்தைத் தாண்டிப் போயிருக்கும். எனக்கு இது விளங்கவே ரொம்ப நாள் ஆயிற்று. விளங்கிய பிறகு, யாருக்கும் தாகம் எடுப்பதற்கு முன்னால் நானே எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன். என் ஓரகத்தியின் வளைகாப்பிலும் அப்படித்தான், புளியோதரை கிளறப் போய்விட்டேன். அவள் இரண்டு தடவை ஆள் விட்டுக் கூப்பிட்டாள். கை வேலையாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவளுக்கும் லேசில் கிடைத்துவிடவில்லை. முதலில் உண்டானது மூன்றாம் மாதமே கலைந்துபோனது. அன்று ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்தான். அவள் அழாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தது தங்கியது. பெண் பிள்ளை பிறந்தது. வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்துவிட்டது.

வந்த நாளிலேயே எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். பிள்ளையை நேராகப் பார்க்கக் கூடாது. அழகாக இருக்கிறாள் என்று வாயால் சொல்லக் கூடாது. யாராவது தூக்கிக் கொடுத்தாலொழியத் தூக்கக் கூடாது. கொடுக்க வந்தாலும் கை ஈரமாக இருக்கிறது என்றோ பஸ்ஸில் வந்த அழுக்கு என்றோ சொல்லி நழுவிவிட வேண்டும். கண்ணு படும் என்பதில் எனக்கு நம்பிக்கை உண்டா என்றால், கிடையாது. நம்பிக்கை இல்லாதவர்கள் பயப்படக் கூடாது என்று யாரும் எழுதிவைக்கவில்லையே. ஒருவேளை ஊர் நினைப்பதுதான் சரியாக இருந்துவிட்டால்? வீட்டுக்கு வந்திருப்பது ஒரே பிள்ளை. அதை வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஓரகத்தி பிள்ளைக்குச் சாந்து செய்து வைத்திருந்தாள். சவ்வரிசியைக் கருகக் கருக வறுத்து, தண்ணீர் விட்டுக் கூழாகக் காய்ச்சி, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் காயவைத்த சாந்து. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் குழைத்தால் கருகருவென்று வரும். கண் படாமல் இருக்கப் பிள்ளையின் கன்னத்தில் ஒன்று வைப்பாள், உள்ளங்காலில் ஒன்று வைப்பாள். இது ஊர் உலகத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் நான் ஒன்றைக் கவனித்தேன். காலையில் நான் கிளம்பும்போது கன்னத்துப் பொட்டு மிளகளவு இருக்கும். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால் அது சுண்டைக்காய் அளவு ஆகியிருக்கும், ஈரம்கூடக் காய்ந்திருக்காது. நான் வருகிற நேரத்துக்குப் புதிதாக வைக்கிறாள். எனக்குத்தான் வைக்கிறாள். அதை நான் தப்பு என்று சொல்லவில்லை, நானாக இருந்தாலும் வைத்திருப்பேன். ஆனாலும் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுத நாட்கள் உண்டு.

பிள்ளை உட்காரப் பழகிய சமயம் ஆடி மாதம் வந்தது. ஆடிப்பூரம் என்றால் எங்கள் ஸ்டுடியோ தாங்காது. ஊரில் இருக்கிற பெண் பிள்ளை எல்லாம் ஆண்டாள் வேஷம் போட்டுக்கொண்டு வந்துவிடும். ஒருபக்கமாகச் சாய்ந்த கொண்டை, மாலை, தோளில் துணியில் தைத்த கிளி எல்லாம் நாங்களே வைத்திருக்கிறோம். ஓரகத்தியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். கொண்டையை நான் வைத்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, முதலாளி நன்றாக வைப்பார் என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் முகம் வாடியது தெரிந்தது. வெளியே பிள்ளை கிளியைப் பிடித்து இழுத்து வாயில் வைத்ததும் எல்லோரும் சிரித்ததும் கேட்டது.

மறுநாள் அந்தப் படங்கள் என் கம்ப்யூட்டருக்கு வந்தன. அன்றைக்கு நான் சாப்பிடக்கூடப் போகவில்லை. வீட்டில் ஓரக்கண்ணால் பார்க்கிற பிள்ளையைத் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பார்த்தேன். திரையில் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, அது வேலை. காதுமடலில் பூனைமுடி. மோவாயில் காய்ந்த பால். நெற்றியில் வேர்க்குரு. அவள் அப்பனின் மூக்கு, என் கணவருக்கும் அதே மூக்கு. கன்னத்துச் சாந்துப் பொட்டை இன்னும் பெரிதாக்கினால், ஸ்டுடியோ வெளிச்சம் அதன்மேல் பட்டு ஓர் ஓரத்தில் மினுங்கியது. எத்தனையோ பிள்ளைகளின் தோலைச் சுத்தம் செய்திருக்கிறேன். இவளிடம் எடுத்துப்போட எனக்கு ஒன்றுமே அகப்படவில்லை. வேர்க்குருவைக்கூட விட்டுவிட்டேன். படங்களை அப்படியே அவள் ஃபோல்டரில் போட்டு, பிரிண்டுக்குப் போகலாம் என்று குறித்து வைத்தேன்.

முதலாளிக்கு ஆடிப்பூர அவசரம். சாயங்காலம் நான் கிளம்பிய பிறகு, எல்லா ஆண்டாள் ஃபோல்டர்களையும் மொத்தமாகச் சேர்த்து சாஃப்ட்வேரில் ஓட விட்டு, அப்படியே சிவகாசிக்குப் பிரிண்டுக்கு அனுப்பிவிட்டார். வழக்கமாக எல்லாவற்றையும் நான் கடைசியில் ஒரு தடவை சரிபார்ப்பேன். அந்தத் தடவை என்னைக் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது.

ஆல்பம் வந்ததும் நான் பிரிக்கவில்லை. வீட்டில் எல்லோரோடும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. அதையாவது சேர்ந்து பார்க்கலாமே. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, வெயில் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டு வந்தேன்.

ஓரகத்தி கையைத் துடைத்துவிட்டு வந்து ஆல்பத்தைப் பிரித்தாள். முதல் பக்கத்தில் கொண்டையும் மாலையுமாகப் பிள்ளை. அவள் முகமெல்லாம் சிரிப்பு. இரண்டாம் பக்கம் போனவள் திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தாள். பிறகு வேகமாக ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். பிள்ளையின் கன்னத்தில் அவள் விரல் நின்றது. நானும் அப்போதுதான் பார்த்தேன். வேர்க்குரு போயிருந்தது. பால் கறை போயிருந்தது. கன்னம் பளபளவென்று துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நெற்றிப் பொட்டை அந்த சாஃப்ட்வேர் எப்படியோ பழகிக்கொண்டுவிட்டது. கன்னத்தில் பொட்டு வைப்பார்கள் என்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பரு என்று நினைத்து எல்லாப் படத்திலும் எடுத்துவிட்டிருந்தது. உள்ளங்கால் பொட்டு மட்டும் பிழைத்துக் கிடந்தது. முகம் இல்லாத இடத்துக்கு அது போவதில்லை.

"பொட்டு எங்கக்கா?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். நான்தான் இந்த வீட்டில் பிள்ளை இல்லாதவள், நான்தான் அந்தப் படத்தைச் செய்கிறவள், என் கண்ணுக்கென்று வைத்த பொட்டு என் கம்ப்யூட்டரில் போய் அழிந்து வந்திருக்கிறது. யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? எனக்குக் கோபம் வந்தால்தான் அழுகை நிற்கும். மெஷின் எடுத்துவிட்டது, அதற்கு நான் என்ன செய்ய என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல். டாக்டரம்மா, ஊரெல்லாம் இருக்கிற சளிக் காய்ச்சல்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று மருந்து எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் ஓரகத்தி உப்பும் மிளகாய் வற்றலும் எடுத்துப் பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் கமறித் தும்மல் வந்தால் கண்ணு ஒன்றும் இல்லை. நெடியே வராவிட்டால் பட்ட கண்ணு பொல்லாதது என்பார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நம்பிக்கை இல்லாத நான், மூக்கை விடைத்துக்கொண்டு மோந்து மோந்து பார்த்தேன். ஒரு தும்மல் வந்தால் போதும் என்று அந்த ஆண்டாளையே வேண்டினேன். மிளகாய் படபடவென்று வெடித்தது. நெடி வரவே இல்லை.

அடுத்த நாள் ஸ்டுடியோவுக்குப் போய், யாரோடும் பேசாமல் அந்தப் படங்களைத் திறந்தேன். முதலாளி விஷயத்தைக் கேட்டு வருத்தப்பட்டு, மறுபடி பிரிண்டு தன் பொறுப்பு என்றார். பழைய படங்களை அப்படியே அனுப்பியிருக்கலாம். ஆனால் அதற்குள் பின்னணி, நிறம், ஆல்பத்தின் அமைப்பு எல்லாவற்றையும் சிவகாசிக்காரர்கள் சாஃப்ட்வேர் துடைத்த படங்களில் செய்துவிட்டிருந்தார்கள். அதனால் பொட்டைத்தான் ஒவ்வொரு படத்திலும் திரும்ப வைக்க வேண்டியிருந்தது. கறுப்பு வட்டமாக வரைந்து பார்த்தேன். ஓட்டை போட்ட மாதிரி இருந்தது. பழைய படத்திலிருந்து சாந்தை எடுத்து, அந்த ஓரத்து மினுங்கலோடு, பிள்ளை முகம் திரும்புகிற பக்கமெல்லாம் திருப்பித் திருப்பி வைத்தேன். பருவை எடுத்துப் பழகிய கை, பொட்டு வைக்கத் தடுமாறியது. ஒவ்வொரு கன்னத்திலும் வைக்கும்போது, இவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன். வேர்க்குருவையும் பால் கறையையும்கூட விடாமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன்.

புது ஆல்பம் வந்த அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச் சில நாட்கள் ஆகியிருந்தன. முன்கட்டில் ஓரகத்தி கால் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். வழக்கம்போலக் கன்னத்தில் ஈரப் பொட்டு. ஆல்பத்தை அவள் பக்கத்தில் வைத்தேன். அவள் பிரித்துப் பார்த்தாள், மூடி வைத்துவிட்டு மறுபடி காலை ஆட்டத் தொடங்கினாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு வீடு பார்த்து நாங்கள் போய்விடுகிறோம் என்றேன். பஸ் அலைச்சலும் மிச்சம், அவளும் நிம்மதியாகப் பிள்ளையை வளர்க்கலாம் என்றேன். என் கணவரிடம்கூட இன்னும் சொல்லாத யோசனை அது.

அவள் காலாட்டுவதை நிறுத்தினாள். நான் என்ன பேசுகிறேன் என்றே அவளுக்குப் புரியவில்லை போலிருந்தது. நான் விடவில்லை.

"நான் பஸ்ஸ விட்டு எறங்கி வார நேரத்துக்குத்தானட்டி நீ பொட்டு வைக்க? எனக்குத்தான வைக்க? சொல்லு."

அவள் என்னையே பார்த்தாள். இல்லக்கா, அப்படியெல்லாம் இல்லக்கா என்று பதறுவாள் என்று நினைத்தேன். பதறியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"ஆமாக்கா," என்றாள். "ஒங்களுக்குத்தான் வைக்கேன்."

நான் சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் மெதுவாகப் பேசினாள்.

"பெத்தவ கண்ணுதான் மொதல்ல படும்பாங்க. காலையில குளிப்பாட்டி விட்டுட்டு நான் பாத்துப் பாத்துப் பூரிக்கேன்ல, அதுக்கு ஒண்ணு வைப்பேன். சாயங்காலம் நீங்க வருவீக. பாக்காத மாதிரியே இவளப் பாப்பீக. அந்தப் பார்வ எம் பார்வையேதாங்க்கா. எனக்கு வைக்கும்போது ஒங்களுக்கு வைக்காண்டாமா? இவ அப்பனுக்குக்கூட நான் வைக்கல. அவிய பாத்தா ஒண்ணும் ஆகாது."

வளைகாப்பில் என்னைக் கூப்பிட்டு நான் வராததை அவள் இன்னும் மனசில் வைத்திருக்கிறாள் என்று அதற்குப் பிறகுதான் சொன்னாள். முதல் வளையல் என் கையால் போட வேண்டும் என்று மற்றவர்களோடு சண்டை போட்டாளாம். நான் புளியோதரையைப் பிடித்துக்கொண்டு அடுக்களையிலேயே இருந்துவிட்டேனாம். ஆண்டாள் கொண்டை வைக்கக் கூப்பிட்டும் கதவைச் சாத்திக்கொண்டேனாம். மிளகாய் சுற்றிப்போட்டது தன் கண்ணுக்குத்தானாம்; ஆல்பத்தின் முதல் பக்கத்தைப் பார்த்து அம்புட்டு அழகு என்று அன்றைக்குத் தன் மனசுக்குள் சொல்லிவிட்டாளாம். பிள்ளையை ஒரு நாளாவது தூக்கினீர்களா என்று கேட்டபோது அவள் குரல் உடைந்துவிட்டது. பெரியம்மா தூக்காமல் பிள்ளை வளர்ந்தது என்று நாளைக்கு ஊர் பேச வேண்டுமா என்றாள், அழுகையும் கோபமுமாக. இத்தனை நாளும் கோபம் எனக்கு மட்டும்தான் சொந்தம் என்று நினைத்திருந்தேன்.

அழுதுகொண்டே பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். பக்கத்தில் இருந்த சாந்துச் சிரட்டையையும் நகர்த்தி வைத்தாள்.

"இனிமே ஒங்க கண்ணுக்கு நீங்களே வச்சிருங்க."

விரலைச் சாந்தில் தோய்த்தேன். பிள்ளையின் ஒவ்வொரு மயிர்க்காலும் எனக்குத் தெரியும். அந்தக் கன்னம் இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்பது தெரியாது. கண்ணீர் மறைத்ததில் பொட்டு இழுபட்டு மோவாய் வரை போய்விட்டது. துடைக்கப் போனேன், அவள் தடுத்துவிட்டாள். பிள்ளை என் தாலிச்சரட்டைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு, முகத்தையே அண்ணாந்து பார்த்தது. நானும் பார்த்தேன். என்ன அழகு என்று வாய்விட்டுச் சொன்னேன். ஓரகத்தி மூக்கைச் சிந்தியபடியே சிரித்தாள். உலை வைக்க நேரமாகிவிட்டது என்று எழுந்து உள்ளே போனாள். பிள்ளையை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள்.

என் கணவர் வேலை முடிந்து வந்தபோது பிள்ளை என் மடியிலேயே தூங்கிவிட்டிருந்தது. அவர் வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றவில்லை, உள்ளே வரவும் இல்லை. ஏதோ கேட்க வாயெடுத்தார். சத்தம் போடாதீங்க என்று கையைக் காட்டினேன். என் இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. நான் அசையவில்லை.